ஒரே அடுப்பில் கணப்பும் வெந்நீரும்

குளிர்காலம் நீண்டு கடுமையாக இருக்கும் இடங்களில் ஒரு வீட்டின் எரிபொருளில் பெரும்பகுதி இரண்டே வேலைகளுக்குப் போகிறது. ஒன்று, அறைகளைக் கதகதப்பாக வைத்திருப்பது. மற்றொன்று, குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் வெந்நீர் போடுவது. கூடத்தில் எப்படியும் ஒரு விறகடுப்பு எரிகிறது. அதன் முதுகில் ஒரு நீர்ப்பெட்டியைப் பொருத்தி, குழாய்களை மற்ற அறைகளுக்கு இழுத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒரே தீயில் முடிந்துவிடுமே என்று தோன்றுவது இயல்பு. பழைய யோசனைதான், நல்ல யோசனையும்கூட. அப்படியிருந்தும், இப்படி அமைத்த வீடுகள் பலவற்றில் அடுப்பின் கண்ணாடி கறுக்கிறது, புகைபோக்கி அடைக்கிறது, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் வெதுவெதுப்போடு நின்றுவிடுகின்றன. ஏன்?

தீ நன்றாக எரிய வேண்டுமானால் அதைச் சூழ்ந்த சுவர்கள் தகதகக்கும் சூட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் அந்தச் சுவர்களைக் குளிர்விக்கிறது. தீக்கு வேண்டியதும் தண்ணீர் செய்வதும் நேர்எதிர். இந்த முரண்பாட்டை எந்த இடத்தில், எதைக் கொண்டு தீர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே முழு அமைப்பும் நிற்கிறது. அடுப்பின் அழகும் விலையும் அதற்குப் பிறகுதான்.

புகையில் இருக்கும் சூடு

நன்றாகக் காய்ந்த கட்டை ஒன்றைத் தணல் மேல் வைத்துக் கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள். வைத்தவுடன் கட்டை தீப்பிடிப்பதில்லை. வெட்டுமுகத்தின் ஓரம் முதலில் பழுக்கிறது, பிறகு கறுக்கிறது. விரிசல்களிலிருந்து சாம்பல் நிறப் புகை இழைஇழையாகக் கசிகிறது. சற்று நேரத்தில் அந்தப் புகையில்தான் தீப்பற்றுகிறது. சுவாலையின் அடி கட்டையைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி நின்று ஆடுகிறது. சூடேறிய மரம் சிதைந்து வாயுவாக மாறி, அந்த வாயு காற்றோடு கலந்த இடத்தில் எரிவதே நாம் பார்க்கும் சுவாலை.

மரம் இப்படிச் சிதையத் தொடங்குவது ஏறக்குறைய 200 முதல் 300 டிகிரி செல்சியஸில். காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் வாயுவாகவும் ஆவியாகவும் வெளியேறிவிடுகிறது, எஞ்சுவது கரி. மரத்தின் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுமையாக எரிய 600 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, போதுமான காற்று, அந்தக் காற்றோடு நன்றாகக் கலப்பதற்கான இடமும் நேரமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமலே புகைபோக்கிக்குள் போகிறது. போகும் வழியில் குளிர்ந்து தாராகவும் புகைக்கரியாகவும் ஒட்டிக்கொள்கிறது, கார்பன் மோனாக்சைடாகவும் நுண்துகளாகவும் வெளியேறுகிறது. கரும்புகை விடும் அடுப்பு காற்றைக் கெடுப்பதோடு, காசு கொடுத்து வாங்கிய எரிபொருளின் நல்ல பாதியை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இப்போது தீப்பெட்டியின், அதாவது அடுப்புக்குள் விறகு எரியும் அறையின், பின்சுவரில் ஓர் எஃகு நீர்ப்பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகட்டின் ஒரு பக்கம் சுவாலை, மறுபக்கம் தண்ணீர். தண்ணீர் 70 டிகிரியில் இருந்தால் தகடும் அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். தண்ணீர் வெப்பத்தை அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்கிறது. 600 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய வாயு 100 டிகிரியைக்கூட எட்டாத சுவரில் மோதினால் அந்த இடத்தில் சுவாலை அணைந்துபோகும். பாதி எரிந்த வாயு தகட்டின் மேல் படிந்து, கறுத்துப் பளபளக்கும் அரக்குப் பூச்சுபோல் இறுகும். சுரண்டினாலும் எளிதில் வராத அந்தப் பூச்சு வெப்பம் தண்ணீருக்குப் போவதையும் தடுக்கிறது. பழைய காலத்து முதுகுக் கொதிகலன்கள், அதாவது அடுப்பின் முதுகில் வைத்த இத்தகைய நீர்ப்பெட்டிகள், பெரும்பாலும் இப்படித்தான் தங்கள் வாயைத் தாங்களே அடைத்துக்கொண்டன.

நிலக்கரிக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆந்த்ரசைட் போன்ற உயர்தர நிலக்கரியில் ஆவியாகும் பொருள் குறைவு. பெரும்பகுதி கரியாகவே, தணலாகவே எரிகிறது. பக்கத்தில் குளிர்ந்த சுவர் இருந்தாலும் அது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. முதுகில் நீர்ப்பெட்டி வைத்த அடுப்புகள் நிலக்கரிக் காலத்தில் ஓரளவு ஒழுங்காக வேலை செய்து, அதே அடுப்பில் விறகு போட்டபோது தாரில் மூழ்கியதன் காரணம் இது. நிலக்கரிக்குச் சல்லடைத் தட்டின் அடியிலிருந்து காற்று வேண்டும். விறகு சாம்பல் படுக்கையின் மேல் படுத்துக்கொண்டு, மேலிருந்து வரும் காற்றில் நன்றாக எரியும். இரண்டையும் கலந்து எரிப்பது கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. விறகிலிருந்து வரும் நீராவி நிலக்கரியின் கந்தகப் புகையோடு சேர்ந்து அமிலமாகி, புகைபோக்கியின் உட்குழாயை அரித்துவிடும்.

நல்ல வடிவமைப்பாளர்கள் கண்ட தீர்வு எளிமையானது. முதலில் தீயை எரிய விடு, எரிந்து முடிந்த பிறகு வெப்பத்தை எடு. தீப்பெட்டியைச் சுற்றிலும் தீச்செங்கல் அல்லது வெர்மிகுலைட் என்ற வெப்பம் தாங்கும் கனிமத்தாலான பலகையைப் பதித்து உள்ளே சூடு தங்கும்படி செய்கிறார்கள். அங்கே வாயுக்கள் எரிந்து தீர்ந்த பின், வெப்பப் புகை போகும் பாதையில் நீர்க்குழாய்களை வைக்கிறார்கள். சுவாலையை ஒரு துளை வழியே கீழ்நோக்கி இழுத்து, அடியில் உள்ள பீங்கான் அறையில் எரிக்கும் கட்டைவிறகுக் கொதிகலன்கள் இந்த எண்ணத்தின் உச்சம். கூடத்தில் வைக்கும் அடுப்பை வாங்குபவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை கிலோவாட் என்பது அல்ல. நீர்ப்பெட்டி தீயைத் தொடுகிறதா, அல்லது தீக்கு அப்பால் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஈரமும் எண்களும்

விறகைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் ஈரத்தில் வந்து முடியும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதைப் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஓரிரு ஆண்டுகள் அடுக்கி வைத்தால் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். 20 சதவீத ஈரமுள்ள 1 கிலோ விறகில் சுமார் 4 யூனிட், அதாவது 4 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. 50 சதவீத ஈரத்தில் அது 2 யூனிட்டைச் சற்றே தாண்டும். பச்சை விறகில் மரம் குறைவு என்பது ஒரு பக்கம். உள்ள தண்ணீரை ஆவியாக்கவே தீயின் சூடு செலவாகி, தீப்பெட்டி 600 டிகிரியை எட்டாமலே போவது அதைவிடப் பெரிய கேடு.

ஈரமானியை வாங்கியவர்கள் பெரும்பாலும் கட்டையின் வெளிப்பக்கத்திலோ பழைய வெட்டுமுகத்திலோ ஊசியைக் குத்திப் பார்க்கிறார்கள். அங்கே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையை அந்த நேரத்தில் இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்தினால்தான் உண்மையான அளவு தெரியும். மானி இல்லாதவர்கள் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டலாம். காய்ந்தவை கணீரென்று ஒலிக்கும், பச்சைக் கட்டைகள் மந்தமாகத் 'தொப்' என்னும்.

கட்டை எவ்வளவு காய்ந்திருந்தாலும் புகையில் நீராவி இருக்கத்தான் செய்யும் என்பது பலர் அறியாதது. மரத்திலுள்ள ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகிறது. துளி ஈரமும் இல்லாத 1 கிலோ மரம் எரிந்தாலும் அரை கிலோ நீராவி உண்டாகும். அந்த நீராவி 50 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட எஃகுத் தகட்டில் பட்டால் வியர்த்து வழிகிறது. அந்த நீர் தாரோடும் அமிலங்களோடும் கலந்து தகட்டைத் தின்கிறது. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் 30 டிகிரியில் நேராகக் கொதிகலனுக்குள் நுழையும்படி அமைத்தால் சில ஆண்டுகளிலேயே அது ஓட்டையாகலாம். இதற்காகத் திரும்பும் குழாயில் ஒரு கலப்பு வால்வை வைக்கிறார்கள். கொதிகலனிலிருந்து வெளிவரும் வெந்நீரில் ஒரு பங்கை அது மறுபடியும் உள்ளே திருப்பிவிட்டு, நுழையும் நீர் 55 அல்லது 60 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. அடுப்பின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய செலவு. மதிப்பீட்டில் கைவைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் இதுதான். அதை ஒருபோதும் விடக்கூடாது என்பேன்.

எவ்வளவு விறகு வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 11.6 யூனிட் வேண்டும். நல்ல அடுப்பு விறகின் ஆற்றலில் முக்கால் பங்கை வீட்டுக்குத் தரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்கும் ஒரு பங்கு அறைக்கும் போவதாகக் கொண்டால், 1 கிலோ விறகு தண்ணீருக்குக் கொடுப்பது 2 யூனிட். ஆக ஒரு தொட்டி வெந்நீருக்குச் சுமார் 6 கிலோ விறகு. மலைக்கும்படியான அளவு இல்லை.

வீட்டைச் சூடாக்குவது வேறு அளவு. வெப்பக் காப்பு சரியில்லாத வீடு ஒரு குளிர்நாளில் சராசரியாக 8 கிலோவாட் வெப்பத்தை இழந்தால் நாளொன்றுக்கு 190 யூனிட்டுக்கு மேல். அதாவது 60 கிலோவைத் தாண்டும் விறகு. அதே அளவுள்ள, சுவரும் கூரையும் நன்றாகக் காப்பிடப்பட்ட வீட்டுக்கு 3 கிலோவாட் போதும் என்றால் 24 கிலோ. ஐந்து மாதக் குளிர்காலம் முழுவதும் இதே கணக்கு என்றால் பின்னதற்கே மூன்றரை டன். கடினமரமாக அடுக்கினால் ஏழெட்டு கன மீட்டர் இடம் பிடிக்கும். அடுத்த ஆண்டுக்குக் காயவேண்டிய விறகுக்கும் அதே அளவு இடம் வேண்டும். இவற்றை யாராவது பிளக்க வேண்டும், தூக்க வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். அறுபது வயதுக்கு மேலும் அதைச் செய்ய முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெரிய அடுப்பு வாங்கும் பணத்தில் பாதியைக் கூரைக் காப்பிலும் ஜன்னல் இடுக்குகளை அடைப்பதிலும் போட்டுவிட்டுச் சிறிய அடுப்பு வாங்குவது, நானறிந்தவரை, எல்லா வீட்டுக்கும் பொருந்தும் யோசனை.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. 12 கிலோவாட் அடுப்பு என்று விளம்பரத்தில் இருக்கும். அதில் எத்தனை தண்ணீருக்கு, எத்தனை அறைக்கு என்ற பிரிவினை சிறிய எழுத்தில் இருக்கும். அறைக்கு 6 கிலோவாட் போனால் நடுத்தரக் கூடம் ஒன்றில் உட்கார முடியாது. ஜன்னலைத் திறப்பார்கள்; இல்லையென்றால் காற்றைக் குறைத்துத் தீயை அடக்குவார்கள். இரண்டாவது முதலாவதைவிட மோசம்.

சேமிப்புத் தொட்டி

தீயை அடக்கி வைப்பது ஏன் தவறு என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும். காற்று குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் வாயு எரியாது. இரவு முழுவதும் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று விறகை நிரப்பிக் காற்றை மூடிவிட்டுப் படுக்கும் பழக்கம் புகைபோக்கியில் தாரைச் சேர்க்கும் மிகச் சிறந்த வழி. விறகடுப்பு முழு மூச்சில் எரிந்தால்தான் சுத்தமாக எரியும். ஆனால் வீட்டுக்கு எல்லா நேரமும் முழுச் சூடு தேவைப்படுவதில்லை.

குளிர்மிகுந்த ஐரோப்பியப் பகுதிகளில் நூற்றாண்டுகளாகக் கட்டிவந்த பெரிய செங்கல் அடுப்புகள் இதற்கு ஒரு விடை கண்டிருந்தன. ஓரிரு மணி நேரம் பெருந்தீ மூட்டி, சூட்டை டன் கணக்கான செங்கல்லில் ஏற்றி வைப்பார்கள். தீ அணைந்த பிறகு அந்தச் செங்கல் நாள் முழுவதும் மெல்ல வெப்பத்தை விடும். தண்ணீர் அமைப்பில் அந்தச் செங்கல்லின் இடத்தைப் பிடிப்பது சேமிப்புத் தொட்டி. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் தண்ணீர் செங்கல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் தாங்கும். குழாய் வழியே வேண்டிய இடத்துக்கு அதைக் கொண்டுபோகவும் முடியும்.

1000 லிட்டர் தொட்டி 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் 46 யூனிட்டுக்கு மேல் சேர்கிறது. 3 கிலோவாட் தேவையுள்ள வீட்டுக்கு அது 15 மணி நேரத் தீனி. மாலையில் மூன்று நான்கு மணி நேரம் நன்றாக எரித்துவிட்டு, தீயை அதன்போக்கில் அணைய விட்டுத் தூங்கலாம். காலையில் ரேடியேட்டர் சூடாகவே இருக்கும். ஜெர்மனியில், கையால் விறகிடும் கொதிகலன்களுக்கு ஒரு கிலோவாட்டுக்குக் குறைந்தது 55 லிட்டர் சேமிப்பு வேண்டும் என்று புகைக்கட்டுப்பாட்டு விதியே சொல்கிறது. தொட்டி வசதிக்காக மட்டும் அல்ல, புகையைக் குறைப்பதற்கும் அதுவே வழி என்பதை அந்த விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தொட்டியின் உண்மையான கொள்ளளவைத் தீர்மானிப்பது அதன் லிட்டர் கணக்கு மட்டும் அல்ல. வீட்டின் ரேடியேட்டர்கள் சிறியவையாக இருந்து, 60 டிகிரி நீர் இல்லாமல் அறை சூடாகாது என்றால், 80 டிகிரியில் நிற்கும் 1000 லிட்டரிலிருந்து 23 யூனிட்தான் பயன்படும். அதற்குக் கீழே உள்ளது தொட்டியில் சும்மா கிடக்கும். தரைக்கடியில் குழாய் பதித்து 35 டிகிரி நீரிலேயே அறையைச் சூடாக்க முடிந்தால் அதே தொட்டி 52 யூனிட் கொடுக்கும். ஒரே தொட்டி, ஒரே விறகு, இரண்டு மடங்கு பலன். பெரிய ரேடியேட்டர்கள் வைப்பதும் இதே பலனை ஓரளவு தரும்.

தொட்டிக்குள் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் தானாகவே அடுக்காக நிற்கும். அந்த அடுக்கைக் கலைக்காமல் இருப்பது முக்கியம். வேகமான பம்ப் ஒன்று தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் எல்லாம் கலந்து 50 டிகிரி வெதுவெதுப்பாகிவிடும். குளிக்கப் போதாது, கணப்புக்கும் அரைகுறை. மெதுவாக விட்டால் தொட்டி பாதிதான் சூடேறியிருக்கும்போதே மேல்பகுதியிலிருந்து 75 டிகிரி நீர் கிடைக்கும். குளியலுக்கான சுருள்குழாயை மேல்பகுதியில் வைப்பது இதனால்தான். கணப்பு நீர் வேறு, குளிக்கும் நீர் வேறு. சுருளின் சுவர் வழியே வெப்பம் மட்டும் கைமாறும்.

குளிக்கும் நீரைத் தொட்டியில் தேக்கி வைப்பதாக இருந்தால் 60 டிகிரி என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகும். 60 டிகிரியில் அழிந்துவிடும். ஆனால் 60 டிகிரி நீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் வெந்துபோகச் செய்யும். விறகடுப்புத் தொட்டி 80, 85 டிகிரிவரைகூடப் போகும். குழாயடிக்கு முன்னால் குளிர்நீரைக் கலந்து கொடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இல்லாமல் இந்த அமைப்பைக் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது.

அணைக்க முடியாத தீ

எரிவாயு அடுப்பைத் திருகினால் அணைந்துவிடும். தீப்பெட்டிக்குள் இட்ட 6 கிலோ விறகைத் திருப்பி எடுக்க முடியாது. அதில் 24 யூனிட் ஆற்றல் இருக்கிறது; காற்றை மூடினாலும் தணல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்ப் பம்ப் நின்றுவிட்டால்?

கொதிகலனுக்குள் 20 லிட்டர் தண்ணீர் 70 டிகிரியில் இருக்கிறது என்போம். அதை 100 டிகிரிக்குக் கொண்டுவர 0.7 யூனிட் போதும். தண்ணீருக்கு 8 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருந்த அடுப்பு அதை 5 நிமிடத்தில் செய்து முடித்துவிடும். அதன் பிறகு நீராவி. தண்ணீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் விரியும். மூடிய எஃகுப் பெட்டிக்குள் அந்த விரிவுக்கு இடம் இல்லையென்றால் பெட்டி வெடிக்கும். விறகடுப்பு வெந்நீர் அமைப்பில் கைதேர்ந்தவர்கள் குழாய் வேலையைப் பற்றி அவ்வளவு பிடிவாதமாக இருப்பது இந்த 5 நிமிடத்தை மனதில் வைத்துத்தான்.

அவர்களுடைய முதல் நம்பிக்கை புவியீர்ப்பு. சூடான நீர் லேசானது, மேலே போகும். குளிர்ந்தது கனமானது, கீழே இறங்கும். மின்சாரம் இல்லாமலே சுற்றோட்டம் நடக்கும். ஆனால் அந்த விசை எவ்வளவு மெலிதானது என்பதைப் பாருங்கள். 80 டிகிரியில் ஒரு கன மீட்டர் நீரின் எடை சுமார் 972 கிலோ. 60 டிகிரியில் 983 கிலோ. ஒரு மீட்டர் உயரத்துக்கு இந்த வித்தியாசம் தருவது ஏறக்குறைய 110 பாஸ்கல் அழுத்தம். ஒரு சாதாரணப் பம்ப் தருவதில் அது மிகச் சிறு பங்கு. குழாய் 28 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும், வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும், கொதிகலனிலிருந்து தொட்டிவரை தொடர்ந்து ஏறுமுகமாகவே போக வேண்டும் என்பதெல்லாம் அந்த மெல்லிய விசையைத் தடுக்காமல் இருக்கத்தான். நடுவில் ஓரிடத்தில் குழாய் ஒரு விரலளவு தொய்ந்து மறுபடி ஏறினாலும் அந்த மேட்டில் காற்றுக்குமிழி தங்கி, சுற்றோட்டம் நின்றுபோகலாம். தொட்டி அடுப்பைவிட உயரத்தில், பக்கத்திலேயே இருப்பது மிக நல்லது. அடுத்த கட்டடத்தில், அதே மட்டத்தில் தொட்டியை வைத்துவிட்டுப் புவியீர்ப்பை நம்ப முடியாது.

தொட்டியும் முழுக்கச் சூடேறிவிட்டால் வெப்பம் போக இன்னொரு வழி வேண்டும். அதற்காக ஒரு ரேடியேட்டரைப் புவியீர்ப்புச் சுற்றிலேயே, மூடும் வால்வு எதுவும் இல்லாமல் இணைப்பார்கள். பெரும்பாலும் அது குளியலறையில் இருக்கும். சூடு அதிகம் என்று யாராவது பின்னால் அதில் ஒரு வால்வைப் பொருத்திவிட்டால் அந்த ஏற்பாட்டின் நோக்கமே போய்விடும். இதற்கும் மேலாக, திறந்த அமைப்பில், கொதிகலனிலிருந்து நேராக மேலேறி வெளிக்காற்றுக்குத் திறக்கும் குழாய் ஒன்று உண்டு. என்ன நடந்தாலும் நீராவி அதன் வழியே வெளியேறிவிடும். அந்தக் குழாயில் எந்த இடத்திலும் வால்வு இருக்கக் கூடாது. அந்தக் குழாய் போய்ச் சேரும், மேலே உள்ள சிறு தொட்டி கொதிநீரைத் தாங்கும் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டி உருகித் தொய்ந்து கொதிநீரைக் கீழே கொட்டிவிடும்.

வெளிக்காற்றுக்குத் திறக்காத, அடைத்த அமைப்புகளும் உண்டு. அவற்றில் அழுத்தம் ஏறினால், வழக்கமாக 3 பார் அளவில், பாதுகாப்பு வால்வு திறக்கும். கொதிகலனுக்குள்ளேயே ஒரு குளிர்விக்கும் சுருள் இருக்கும். நீர் 95 டிகிரியைத் தாண்டியதும் ஒரு வெப்ப வால்வு மின்சாரம் இல்லாமலே திறந்து, குழாய்த் தண்ணீரை அந்தச் சுருள் வழியே ஓடவிட்டு வெப்பத்தைச் சாக்கடைக்கு அனுப்பும். அந்தச் சுருள் இல்லாத அடுப்பை அடைத்த அமைப்போடு இணைக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் தண்ணீரே மின்பம்பை நம்பி வருவதாக இருந்தால், மின்சாரம் போகும்போது சுருளுக்கும் தண்ணீர் வராது என்பதையும் யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் திறந்த அமைப்பே சரி.

புகை போகும் வழி

புகைபோக்கி வேலை செய்வதும் இதே விதிப்படிதான்; சூடான வாயு லேசானது, மேலேறுகிறது. நீர்ப்பெட்டி வைத்த அடுப்பில் புகை அதிகம் குளிர்ந்துவிடுவதால் இழுப்பு குறையும், தார் படிவதும் கூடும். புகைபோக்கி வீட்டுக்குள்ளேயே ஏறினாலோ, வெளியே ஏறினால் காப்புறை போட்டிருந்தாலோ இந்தச் சிக்கல் பெரிதும் தணியும். சேர்ந்த தார் ஒருநாள் தீப்பிடித்தால் உள்ளே சூடு 1000 டிகிரியைத் தாண்டக்கூடும். பக்கத்தில் உள்ள உத்தரங்கள் எரியத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, விறகு எரிப்பவர்கள் இரண்டு முறையாவது, ஆள் வைத்துச் சுத்தம் செய்வது கட்டாயம்.

எரியும் ஒவ்வொரு கிலோ விறகும் நடைமுறையில் பல கன மீட்டர் காற்றை அறையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இடுக்குகளை அடைத்துக் காப்பிட்ட வீட்டில் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? அடுப்புக்கென்று மூட முடியாத காற்றுத் துவாரமோ, வெளியிலிருந்து நேராக அடுப்புக்குப் போகும் காற்றுக்குழாயோ வேண்டும். சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறி ஓடினால் அது புகைபோக்கியிலிருந்தே காற்றைக் கீழே இழுத்துவிடும். அதோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும் வந்து, விழித்துக்கொள்ளாமலே உயிர் போகும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அடுப்பு இருக்கும் அறையில் இருந்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் திட எரிபொருள் அடுப்பு புதிதாக வைக்கும் இடங்களில் 2010 முதலே அது கட்டாயம்.

வெளியே போகும் புகைக்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்கு வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகை முக்கியக் காரணம்; ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் அறை அடுப்புகளுக்கு நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, செயல்திறன் ஆகியவற்றில் வரம்புகள் உண்டு. ஆனால் சான்றிதழ் பெற்ற அடுப்பும் பச்சை விறகைப் போட்டால் புகையத்தான் செய்யும். நெருக்கமான நகரத்தில், வேறு வழியில் வீட்டைச் சூடாக்க முடிகிறவர்கள், புதிதாக விறகு அமைப்பு வைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன். சொந்த மரம் உள்ள, மின்சாரம் அடிக்கடி போகும், ஒதுக்குப்புற வீட்டுக்கு இதைவிட நம்பகமான ஏற்பாடும் குறைவு.

கோடையிலும், கைவிட்ட பிறகும்

கோடையில் வெந்நீருக்காக மட்டும் அடுப்பு மூட்டினால் கூடம் தகிக்கும். ஆகவே தொட்டி வாங்கும்போதே மின் சூடேற்றிக்கோ சூரிய வெப்பத் தகட்டின் சுருளுக்கோ இடம் விட்டு வாங்க வேண்டும். அடுப்பு ஓயும் அந்த மாதங்கள்தான் புகைபோக்கியைப் பார்க்கவும், அடுப்புக் கதவின் இடுக்கை அடைக்கும் கயிற்றை மாற்றவும், பாதுகாப்பு வால்வைத் திறந்து மூடிப் பார்க்கவும் ஏற்றவை.

குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனவர்கள் திரும்பி வந்ததும் அவசரமாகத் தீ மூட்டக் கூடாது. குழாய்களில் நீர் உறைந்து அடைத்திருந்தால் கொதிகலன் மூடிய பெட்டியாகிவிடும், சூடாக்கினால் வெடிக்கும். திறந்த அமைப்பாக இருந்தாலும் வெளிக்காற்றுக்குத் திறக்கும் அந்தக் குழாயும் உறைந்திருக்கலாம். முதலில் வேறு வழியில் வீட்டை வெதுவெதுப்பாக்கி, நீர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுப்பைத் தொட வேண்டும்.

எரிவாயுவுக்கு மாறிய பழைய வீடுகளில் சுவருக்குள் கைவிடப்பட்ட முதுகுக் கொதிகலன்கள் இன்னும் இருக்கக்கூடும். குழாய்களை வெட்டி இருமுனையும் அடைத்துவிட்டு, உள்ளே சிறிது நீரோடு அப்படியே விட்டிருப்பார்கள். பல ஆண்டுகள் கழித்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் அழகுக்காக அந்தக் கணப்பில் தீ மூட்டியபோது அவை வெடித்து உயிரைப் பறித்திருக்கின்றன. பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் இதுகுறித்து எச்சரிக்கையே வெளியிட்டது. பழைய வீட்டில் மூடிக்கிடந்த கணப்பைத் திறக்கிறவர்கள் பின்சுவரில் எஃகுத் தகடோ வார்ப்பிரும்புப் பெட்டியோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் தீ மூட்டாமல் விவரம் தெரிந்தவரை அழைத்து, அதை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். எடுக்க முடியாவிட்டால், உள்ளே உள்ள நீரை வடித்துவிட்டு, அழுத்தம் சேரவே முடியாதபடி அதில் துளைகள் போட்டு விடுவார்கள்.